பள்ளிக்கூடம் சின்னது, முத்திரை பெரிது

"அந்தப் பள்ளிக்கூடத்தில படிக்கிறதெல்லாம் மூளை மந்தமான பிள்ளையள். அதுதான் ஒருத்தரும் சோதினை பாஸ் பண்ணிறேல்லை."

அண்மையில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், சாப்பாட்டுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அண்ணர் சொன்னது இது. பக்கத்தில் இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள். அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளையின் தாயும் அங்கேதான் இருந்தா. ஒன்றும் பேசாமல் எழும்பிக் குசினிப் பக்கம் போனா.

அண்ணருக்கும் தலையாட்டியவர்களுக்கும் சில விசயங்கள் சொல்ல வேண்டும்.

ஜேர்மனியில் 'ஃபோர்டர்சூல' என்பது விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடம். முந்தி அதற்குப் பெயர் 'சொண்டர்சூல'. அதற்கும் முந்தி 'ஹில்ஃப்ஸ்சூல'. ஹிட்லர் காலத்தில், 1933 இல் வந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தில் ஹில்ஃப்ஸ்சூல பிள்ளைகளும் அகப்பட்டார்கள். பெயர் மாறியதற்குப் பின்னால் இப்படியும் ஒரு கதை இருக்கிறது.

இதில் பல பிரிவுகள். கண் தெரியாத, காது கேளாத, உடல் இயலாத பிள்ளைகளுக்கென்று தனித்தனியாக உண்டு. நான் கதைக்கிறது 'லேர்னன்', அதாவது 'கற்றல்' என்கிற பிரிவைப் பற்றி. கண்ணிலும் காதிலும் குறையில்லாத, ஆனால் படிப்பில் நெடுகப் பிந்துகிற பிள்ளையை அனுப்புகிற இடம் அது.

எங்கட சனத்துக்கு மொழிபெயர்க்கவென்று பள்ளிக்கூடங்களுக்குப் போய் வருகிறவன் நான். இப்படியான ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கும் பலதரம் போயிருக்கிறேன். வகுப்புக்குப் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். கதவில் பெயர்களை ஒட்டியிருப்பார்கள். துருக்கிப் பெயர், அல்பேனியப் பெயர், அரபுப் பெயர், இடைக்கிடை எங்கட பெயரும். ஜேர்மன் பெயர்களும் உண்டு. ஆனால் டொக்டர் வீட்டுப் பிள்ளையையோ வக்கீல் வீட்டுப் பிள்ளையையோ நான் அங்கே காணவில்லை. தகப்பனுக்கு வேலையில்லாத, தாய் தனிய வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகள்தான் கூட.

இது அந்த ஒரு பள்ளிக்கூடத்தின் கதை மட்டுமில்லை. நாடு முழுக்க ஃபோர்டர்சூல பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பொடியன்கள். கற்றல் பிரிவில் வெளிநாட்டுக் குடியுரிமையுள்ள பிள்ளைகளின் பங்கு, சாதாரணப் பள்ளிக்கூடங்களில் அவர்களுக்குள்ள பங்கை விட நெடுகவே உயர்வு. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் அப்படித்தான்.

நான் அண்ணரிடம் கேட்கிறேன். மூளை மந்தம் என்ன, பாஸ்போட்டைப் பார்த்தா வருகிறது? வீட்டு வருமானத்தைப் பார்த்தா வருகிறது?

இனிச் சோதினைக் கதைக்கு வருவோம். ஃபோர்டர்சூல விட்டு வெளியேறுகிற பிள்ளைகளில் நாலில் மூன்று பங்கு அளவில், ஹவுப்ட்சூல சான்றிதழ் கூட இல்லாமல்தான் வெளியேறுகிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கற்றல் பிரிவின் பாடத்திட்டமே அந்தச் சான்றிதழை நோக்கிப் போகிற பாடத்திட்டம் இல்லை. முடிவில் கொடுப்பது வேறொரு தனிச் சான்றிதழ். அதைக் கொண்டுபோய் அவுஸ்பில்டுங் கேட்டால் எத்தனை முதலாளி திரும்பிப் பார்ப்பான்? கடைசித் தரிப்பிடத்துக்குப் போகாத பஸ்ஸில் பிள்ளையை ஏற்றிவிட்டு, "ஏன் இவன் அங்க வந்து சேரேல்லை?" என்று கேட்கிறோம். பஸ்ஸைக் கேளுங்கோ!

"சின்ன வகுப்பு, அமைதியான இடம், ரீச்சர்மார் அன்பானவை" என்று சொல்வார்கள். அன்பானவர்கள்தான், நானே கண்டிருக்கிறேன். ஆனால் அன்பு மட்டும் காணாது. ஹான்ஸ் வொக்கன் என்கிற ஜேர்மன் பேராசிரியர், ஃபோர்டர்சூல பிள்ளையை உண்மையில் முன்னேற்றுகிறதா என்பதையே கேள்வியாக வைத்து 2007 இல் எழுதினார். அங்கே இருந்த காலம் கூடக்கூட அடைவு கீழே போகிறது என்பதுதான் அவர் கண்டது. இது விளங்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. பக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளையைப் பார்த்துத்தான் பிள்ளை பாதி படிக்கும்.

கொலோன் நீதிமன்றம் 2018 இல் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. சேர்பியாவில் இருந்து வந்த றோமா குடும்பத்துப் பொடியன். ஜேர்மன் பாஷை சரியாகத் தெரியாத வயதில் வைத்த ரெஸ்ற்றை வைத்து, மனவளர்ச்சி குறைந்தவன் என்று முத்திரை குத்தி, அந்தப் பிரிவுப் பள்ளிக்கூடத்தில் வருசக்கணக்காக வைத்திருந்தார்கள். சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேணும் என்று அவனே கேட்டும் விடவில்லை. வெளியே வந்த பிறகு சான்றிதழ் எடுத்துக் காட்டினான். மாநில அரசு நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றது நீதிமன்றம்.

இது ஜேர்மனியில் மட்டுமில்லை. செக் நாட்டில் றோமாப் பிள்ளைகளை விசேட பள்ளிகளில் தள்ளியது பாரபட்சம் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007 இல் சொன்னது. லண்டனில் கரிபியன் பிள்ளைகளுக்கு இதே அநியாயம் நடக்கிறது என்று பேர்னாட் கோட் 1971 இலேயே சின்னப் புத்தகம் போட்டார். அந்தச் சனங்கள் தங்கட பிள்ளைகளுக்காகச் சத்தம் போட்டார்கள்.

நாங்கள் என்ன செய்கிறோம்? கிம்நாசியம் போன பிள்ளையை மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். ஃபோர்டர்சூல போகிற பிள்ளையின் தாய் தகப்பனோ, "எந்தப் பள்ளிக்கூடம்?" என்ற கேள்விக்குப் பயந்து விழாவுக்கே வருவதில்லை. எங்கட பிள்ளையள் எல்லாம் கெட்டிக்காரர் என்கிற பெருமைக் கதையைக் காப்பாற்ற இந்தப் பிள்ளைகளை மறைக்கிறோம். மறைக்கப்பட்ட பிள்ளைக்காக ஆர் வாய் திறப்பது?

கூட்டத்தில் ரீச்சர் பேப்பரை நீட்டுவா. "ரீச்சர் சொன்னா சரியாத்தானே இருக்கும் தம்பி" என்று அம்மா என்னைப் பார்ப்பா. இரவு வேலை முடிந்து நித்திரையில்லாமல் வந்த தகப்பன் பேனையை எடுப்பார். ஊரில் வாத்தியார் சொல்லுக்கு மறுபேச்சில்லை. இங்கே மறுபேச்சுக்குச் சட்டமே இடம் வைத்திருக்கிறது.

நான் இருக்கிற நோர்ட்றைன் வெஸ்ற்பாலன் மாநிலத்தின் விதி இது. வேறு தாய்மொழி காரணமாக ஜேர்மன் பாஷை தெரியாதது விசேட தேவை ஆகாது. 2013 இல் மாற்றிய சட்டப்படி, விசேட தேவை இருந்தாலும் சாதாரணப் பள்ளிக்கூடத்தைக் கேட்கப் பெற்றோருக்கு உரிமை உண்டு. முத்திரை இன்னும் பொருந்துகிறதா என்று வருசத்துக்கு ஒருதரமாவது பார்க்க வேண்டும். பாஷை தேவைப்படாத ரெஸ்ற்றும் இருக்கிறது, அதைக் கேளுங்கோ. அறிக்கையின் பிரதியை வாங்கி, விளங்கும் வரைக்கும் பேனையைத் தொடாதேங்கோ.

மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கை ஜேர்மனியில் 2009 இல் அமுலுக்கு வந்தது. அப்போது நூறு பிள்ளைகளில் ஐந்துக்குச் சற்றுக் குறைவானவர்கள் ஃபோர்டர்சூலவில் இருந்தார்கள். இன்றைக்கும் நாலுக்கு மேல். ஐ.நா. குழு 2015 இலும் 2023 இலும் குறை சொல்லியும் இவ்வளவுதான் அசைவு. அரசாங்கம் தானாக இறங்கி வரும் என்று காத்திருந்தால் எங்கட பிள்ளைக்கு வயது போய்விடும்.

உண்மையாகவே விசேட கவனிப்புத் தேவையான பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் எதிர்ப்பது உதவியை அல்ல, திரும்பி வர வழியில்லாத கதவை. அப்படியொரு பள்ளிக்கூடத்தின் தரத்தை அறிய வேண்டுமென்றால், எத்தனை பிள்ளை சோதினை பாஸ் என்று கேட்காதேங்கோ. எத்தனை பிள்ளையைச் சாதாரண வகுப்புக்குத் திருப்பி அனுப்பியது என்று கேளுங்கோ.

அண்ணர், 'மந்தம்' என்ற சொல்லை அந்தத் தாய்க்கு முன்னால் இனிச் சொல்லாதேங்கோ. அடுத்த கூட்டத்துக்கு என்னோட வாங்கோ, அந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தில் இருக்க ஆள் காணாது.