இரவல் பெயருக்கு ஏகபோகமா?

சினிமா நடிகர்கள் தங்கள் பெயர், முகம், குரல், நடை ஆகியவற்றுக்கெல்லாம் பட்டா நிலத்தைப்போல் பாத்தியதை கொண்டாடி, தங்கள் அனுமதியின்றி எவரும் தொடக்கூடாதென்று கோர்ட்டுகளில் தடையுத்தரவு வாங்கி வருகிறார்கள். இது பணக்காரர்களின் வியாபாரத் தகராறுதானே என்று நமது தோழர்கள் அலட்சியமாய் இருந்துவிடக் கூடாதென்றே இதை எழுதுகின்றோம்.

2014-ல் 'மே ஹூன் ரஜினிகாந்த்' என்ற இந்திப் படத்தின்மீது தோழர் ரஜினிகாந்த் சென்னை ஹைக்கோர்ட்டில் வழக்குத் தொடுத்தார். இது அவருடைய சரித்திரமல்லவென்று படக்காரர் சொல்லிப்பார்த்தார். 2015 பிப்ரவரியில் கோர்ட்டு தடை விதித்துவிட்டது. ஜனங்கள் ஏமாந்தார்களென்று ருஜுப்படுத்த வேண்டியதுகூட இல்லையாம். இன்னாரென்று அடையாளம் தெரிந்தாலே போதுமாம்!

சரி, அந்தப் பெயர்தான் யாருடையது? பெற்றோர் இட்ட பெயர் சிவாஜி ராவ். 'ரஜினிகாந்த்' என்பது 1966-ல் வந்த 'மேஜர் சந்திரகாந்த்' படத்தில் ஒரு பாத்திரத்தின் பெயர். அதையெடுத்து டைரக்டர் பாலசந்தர் இவருக்குச் சூட்டினார். ஒரு கதையிலிருந்து இரவலாக வந்த பெயரை இன்னொரு கதைக்காரன் எடுத்தால் குற்றமென்பது எந்த ஊர் நியாயம்? அந்தப் பெயருக்கு மதிப்பு உண்டாக்கியதோ டிக்கெட் வாங்கிய கூலிக்காரனும் வண்டிக்காரனுமே.

யந்திரத்தைக்கொண்டு ஒருவர் குரலைப் போலியாகச் செய்து, அவரே சொன்னதாக மாத்திரையும் தைலமும் விற்பது மோசடி. அதைத் தாராளமாய்த் தண்டிக்கட்டும். பொய் சொல்லி ஒருவர் மானத்தைக் கெடுத்தால் அதற்கும் சட்டம் இருக்கவே இருக்கிறது. ஆனால் கேலியும் மோசடியும் ஒன்றா? பாடகர் தலேர் மெஹந்தியைப்போல் பொம்மை விற்ற வழக்கில், 2010-ல் அப்பொம்மையைத் தடுத்த டில்லி ஹைக்கோர்ட்டே, கேலிச்சித்திரமும் பரிகாசமும் குற்றமாகா என்றும், பிரபலஸ்தர்களின் உரிமையை மிதமிஞ்சி வற்புறுத்தினால் பேச்சுரிமை முடங்கிப்போகுமென்றும் எச்சரித்திருக்கிறது.

கட்-அவுட்டுக்குப் பாலை ஊற்றிக் கற்பூரங்காட்டும் ரசிகன்மீது, என் உருவத்தை அனுமதியின்றி உபயோகித்தான் என்று எந்த நடிகராவது வழக்குப் போட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. கும்பிடுவதற்கு உருவம் பொதுச்சொத்து, சிரிப்பதற்கு மாத்திரம் சொந்தச் சொத்து! (கோயில் குழவிக்கல்லின் கதையும் இதுதானே.) பாமர மக்கள் தெய்வமாக்கி வைத்த ஒருவரைப் பரிகசிக்கும் உரிமை போய்விட்டால், பகுத்தறிவுக்காரனுக்கு வேறென்ன ஆயுதம் மிஞ்சும்?

"உங்கள் பெரியாரைக் கேலிப்படம் போட்டால் சும்மா இருப்பீர்களா?" என்று சில புத்திசாலிகள் கேட்பார்கள். போடட்டும், கோர்ட்டுக்குப் போகமாட்டோம். அடுத்த வாரப் பத்திரிகையில் பதில் எழுதுவோம்.