அகலக்கால் வைத்த படைகள்

பெரும்படை ஒன்று அந்நிய மண்ணில் நுழைகிறது. ஊர்கள் வீழ்கின்றன, கொடி ஏறுகிறது. "முடிந்தது!" என்று கொக்கரிக்கிறான் படையெடுத்தவன். அப்போதுதான் தொடங்குகிறது என்கிறோம் நாம். சாட்சி தேடி மாஸ்கோவரை போக வேண்டாம். புதுக்கோட்டைச் சீமையின் பொன்னமராவதியே சொல்லும்.

12-ஆம் நூற்றாண்டில் மதுரை அரியணைக்காகப் பராக்கிரம பாண்டியனும் குலசேகர பாண்டியனும் மோதினர். பராக்கிரமன் இலங்கை வேந்தன் பராக்கிரமபாகுவின் துணையை நாடினான். தண்டநாயகன் இலங்காபுரன் படையோடு வருவதற்குள் பராக்கிரமன் கொல்லப்பட்டான். வந்த படை திரும்பியதா? இல்லை! மகன் வீரபாண்டியன் பெயரைச் சொல்லி இராமேசுவரத்திலிருந்து மதுரைவரை பாய்ந்தது. பொன்னமராவதியில் மூன்றடுக்கு மாளிகையையும் நெல் நிறைந்த களஞ்சியங்களையும் கொளுத்தியதைப் பெருமையோடு பாடுகிறது இலங்கையின் சூளவம்சம்.

களஞ்சியத்தைக் கொளுத்தியவனுக்கு உழவன் சோறு போடுவானா? பரிசுக்கும் பயத்துக்கும் பணிந்த சிற்றரசர்கள், படை அப்பால் நகர்ந்ததும் மீண்டும் வாளெடுத்தனர். இலங்கையிலிருந்து இன்னொரு சேனாபதி துணைக்கு வர நேர்ந்தது. குலசேகரன் சோழனிடம் அடைக்கலம் புகுந்தான். இரண்டாம் இராசாதிராசனின் படை புறப்பட்டது. இலங்காபுரன் உள்ளிட்டோரின் தலைகள் மதுரை வாயிலில் அறையப்பட்டன என்கிறது பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டு. சூளவம்சமோ வெற்றியோடு கதையை நிறுத்திக் கொள்கிறது!

தோற்றவன் சிங்களவன் என்று மார்தட்ட வேண்டாம், தோழர்களே! 993 வாக்கில் இலங்கைக்குள் புகுந்த சோழர் படையும் அனுராதபுரத்தைச் சூறையாடியது. ஏறத்தாழ எழுபத்தைந்து ஆண்டுகள் அமர்ந்திருந்தும், 1070-இல் விசயபாகு விரட்ட வெளியேறியது. நம்மவர் போனாலும் விதி ஒன்றே.

1812-இல் ஆறு லட்சம் பேர் கொண்ட சேனையோடு ருசியாவில் புகுந்தான் நெப்போலியன். மாஸ்கோ கிடைத்தது, எரிந்த நகராகக் கிடைத்தது! திரும்பும் வழியில் பசியும் பனியும் படையைத் தின்றன. 1941-இல் அதே மண்ணில் காலடி வைத்த இட்லரின் செருக்கு, 1943-இல் ஸ்டாலின்கிராடில் நொறுங்கியது.

காரணம் என்ன? உள்ளே போகப் போகச் சோற்று வண்டியின் பாதை நீள்கிறது. பிடித்த ஊருக்கெல்லாம் காவல் வைக்க, முன்னணி மெலிகிறது. மண்ணுக்குரியவனுக்குப் பின்வாங்க இடமுண்டு, காத்திருக்கக் காலமுண்டு. வந்தவனுக்கு இரண்டும் இல்லை.

"நாலே நாளில் முடிப்போம்" என்று போர்முரசு கொட்டுவோர் இன்றும் உண்டு. அவர்களைக் கேளுங்கள்: "பிடித்தபின் என்ன செய்வாய்?" எரிவது உழவனின் நெல், மடிவது உழைப்பாளியின் பிள்ளை. கேட்கும் உரிமை நமக்கே உண்டு!