சர்வதேச வணிகப் படிப்பும் பெங்களூரு கற்றுத்தரும் பாடமும்

சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் பெங்களூருவின் தனியார் மேலாண்மைக் கல்லூரிகள் சர்வதேச வணிகப் படிப்பைக் கூவி விற்கின்றன. ஏற்றுமதி மேலாளர், அந்நியச் செலாவணி ஆலோசகர், பன்னாட்டு நிறுவன அதிகாரி என்று கனவுகள் அடுக்கப்படுகின்றன. தமிழக இளைஞர்களும் கல்விக்கடன் சுமையோடு அங்கே செல்கின்றனர். உலக வர்த்தகத்தைக் கற்பதில் தவறில்லை. ஆனால் அந்தப் பாடத்திட்டத்தில் தொழிலாளி எங்கே என்பதே கேள்வி.

1985இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் பெங்களூருவில் கால்பதித்தது. 1991க்குப் பின் கதவுகள் அகலத் திறந்தன. இன்று பன்னாட்டு நிறுவனங்களின் கணக்கு, கொள்முதல், மென்பொருள் வேலைகளைச் செய்யும் உலகத் திறன் மையங்களே இப்பட்டதாரிகளின் முதன்மையான இலக்கு. 2029க்குள் 500 புதிய மையங்கள், 3.5 லட்சம் வேலைகள் என்று கர்நாடக அரசு 2024 நவம்பரில் அறிவித்தது.

அந்த வேலைகளின் தன்மை என்ன? அதே 2024இல்தான், தகவல் தொழில்நுட்பத் துறைக்கு நிலையாணைச் சட்டத்திலிருந்து அளிக்கப்பட்ட விலக்கு மேலும் 5 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. ஜூலையில் 14 மணி நேர வேலைநாளுக்கான முன்மொழிவு எழுந்தது. கர்நாடக ஐ.டி. ஊழியர் சங்கம் களமிறங்கிப் போராடியது, முன்மொழிவு சட்டமாகவில்லை. ஆனால் 2025 ஜூனில் 12 மணி நேரம் என்ற வடிவில் அது மீண்டும் தலைதூக்கியது.

இதே நகரின் ஆயத்த ஆடை ஆலைகளில் பெண்கள் உலகச் சந்தைக்காகத் தைக்கின்றனர். வருங்கால வைப்புநிதியை எடுப்பதற்கு மோடி அரசு தடை போட்டபோது, 2016 ஏப்ரலில் ஆயிரக்கணக்கான பெண்கள் சாலைகளை மறித்தனர். இரண்டே நாட்களில் அரசு பணிந்தது. எந்த மேலாண்மை வகுப்பும் இதைப் பாடமாக நடத்துவதில்லை.

உலகச் சந்தை நிலையானது என்ற மாயையும் உடைந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் டிரம்ப் விதித்த 50 சதவீத வரி திருப்பூரையும் பெங்களூருவையும் ஒருசேரத் தாக்கியது. அடுத்த மாதமே புதிய எச்1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் வந்தது. மூலதனம் எல்லைகளைத் தடையின்றிக் கடக்கிறது. உழைப்பவருக்கு மட்டும் வேலி.

கழுத்துப்பட்டை அணிந்தாலும் கூலிக்கு உழைப்பவர் தொழிலாளியே. இந்த உணர்வை வளாகங்களிலும் அலுவலகங்களிலும் கொண்டுசேர்ப்பதும், ஐ.டி. ஊழியரையும் ஆடைத் தொழிலாளியையும் ஒரே அணியில் நிறுத்துவதும் மாணவர், வாலிபர், தொழிற்சங்க இயக்கங்களின் உடனடிக் கடமை. வணிகம் சர்வதேசமாகிவிட்ட காலத்தில், உழைப்பாளர் ஒற்றுமை அலுவலக வாசலோடு நின்றுவிட முடியாது.