பள்ளிக்கூடம் வந்த பிறகு லாரி வரட்டும்

சென்னையில் ஒரு குடியிருப்பை இடிக்க வரும்போது அரசு எதையும் மறப்பதில்லை. நீதிமன்ற உத்தரவின் நகல் இருக்கிறது. காவலர்கள் இருக்கிறார்கள். மின் இணைப்பைத் துண்டிக்க ஆள் இருக்கிறார். சாமான்களை ஏற்ற லாரி இருக்கிறது. எந்த பிளாக், எத்தனையாவது மாடி, என்ன கதவு எண் என்று எழுதிய ஒதுக்கீட்டு ஆணைகூட இருக்கிறது. அந்த லாரியில் ஏறும் ஆறு வயதுக் குழந்தை திங்கட்கிழமை எந்தப் பள்ளிக்குப் போகும் என்ற கேள்விக்குத்தான் யாரிடமும் தாள் இல்லை.

இதை மறதி என்று நான் நினைக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாகத் தொடர்ந்து, ஒரே சாதி மக்களின் விஷயத்தில் மட்டும் நடக்கும் மறதிக்கு வேறு பெயர் இருக்கிறது.

நான் மந்தைவெளியில் வாடகைக்கு இருந்துகொண்டு, நகரத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் வாழ்விடம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இதற்கான ஆதாரத்தைத் தேடி நான் தொலைதூரம் போக வேண்டியதில்லை. என் அறையிலிருந்து நடக்கும் தூரத்தில், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம், ராஜா அண்ணாமலைபுரம் இளங்கோ தெருவில் இருந்தது கோவிந்தசாமி நகர். 2022 ஏப்ரல் இறுதியில் அங்கே இடிப்பு தொடங்கியது. 250க்கு மேற்பட்ட வீடுகள். அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு மே 5, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மே 6. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் வீட்டைத் தேர்வு வாரத்தில் இடித்தார்கள். மே 8 அன்று முதியவர் ஒருவர் தீக்குளித்தார், மறுநாள் இறந்தார். அதன் பிறகே, மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளிலேயே மாற்று வீடு தரப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ஊருக்குள்ளேயே இடம் இருக்கிறது என்ற உண்மை வெளியே வர ஓர் உயிர் எரிய வேண்டியிருந்தது.

அதற்கு முன்பு 2019 டிசம்பர் இறுதியில் தீவுத்திடலை ஒட்டிய சத்யவாணி முத்து நகர் மக்களைப் பெரும்பாக்கத்துக்கு ஏற்றிச் சென்றார்கள். டிசம்பர் என்றால் கல்வியாண்டின் நடுப்பகுதி. பள்ளி நாட்காட்டி என்ற ஒன்று இருப்பதே இடிப்பவர்களின் கண்ணில் படவில்லை.

வளர்ந்த பகுதி அல்ல, வளர்க்கப்பட்ட பகுதி

புதிய தொடக்கப்பள்ளிகள் ஏன் போதவில்லை என்று கேட்டால் ஒரு பதில் தயாராக வரும்: புறநகர் வேகமாக வளர்கிறது, மக்கள் எங்கே எவ்வளவு பேர் குடியேறுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. தனியார் மனைப்பிரிவுகளுக்கு இது ஓரளவு பொருந்தலாம். கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் துளியும் பொருந்தாது. அங்கே மக்கள் தாமாக வந்து குடியேறவில்லை. அரசு கொண்டுபோய் இறக்கியது. எத்தனை வீடு கட்டுகிறோம் என்று அரசுக்குத் தெரியும். எந்தக் கரையிலிருந்து எத்தனை குடும்பம் வரப்போகிறது என்று தெரியும். எந்த மாதம் வருவார்கள் என்பதுகூடத் தெரியும். இந்த நாட்டில் பள்ளித் திட்டமிடலுக்கு இவ்வளவு துல்லியமான தகவல் வேறெங்கும் கிடைக்காது.

குடிசை மாற்று வாரியம் 2000ஆம் ஆண்டு வாக்கில் கண்ணகி நகரில் குடியமர்த்தத் தொடங்கியது. இன்று அங்கே 15,000க்கு மேற்பட்ட வீடுகள். சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரியில் 6,000க்கு மேல். பெரும்பாக்கத்தில் எட்டு அடுக்குக் கட்டடங்களில் சுமார் 20,000. மூன்று இடத்திலும் வரிசை ஒன்றுதான்: முதலில் மக்கள், பிறகு மனு, பிறகு போராட்டம், கடைசியில் பள்ளி.

பெரும்பாக்கத்துக்கு மட்டும் ஒரு கணக்குப் போடுவோம். பேருந்துச் சீட்டின் பின்பக்கம் போதும். இரண்டு வீட்டுக்கு ஒரு தொடக்கப்பள்ளி வயதுக் குழந்தை என்று வைத்துக்கொண்டாலும் 10,000 குழந்தைகள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 200 பேருக்கு மேல் படிக்கும் தொடக்கப்பள்ளியில் ஆசிரியர் ஒருவருக்கு 40 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது. அப்படியானால் 250 ஆசிரியர்கள். ஆசிரியருக்கு ஒரு வகுப்பறை என்பதும் அதே அட்டவணைதான். ஆக 250 வகுப்பறைகள். ஒரு பள்ளியில் 1,000 குழந்தைகளை நெருக்கி உட்கார வைத்தாலும் பத்துப் பள்ளிகள் வேண்டும். பாதிப் பேர் கடன் வாங்கித் தனியாருக்குப் போய்விடுவார்கள் என்று அரசு மனசாட்சியைக் கழற்றி வைத்துவிட்டுக் கணக்கிட்டாலும் ஐந்து. இன்று அங்கே அரசுப் பள்ளியே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருப்பவை இந்தக் கணக்குப் போட்டுக் கட்டியவை அல்ல என்கிறேன்.

இதன் விலையைக் குழந்தைகள் உடம்பால் கொடுக்கிறார்கள். பழைய பள்ளியை விட மனமில்லாமல் விடியற்காலைப் பேருந்தில் நகரத்துக்கு வரும் பிள்ளைகளைக் களப்பணியில் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். முதலில் அக்கா நின்றுவிடுகிறாள், தம்பி தனியாகப் பேருந்து ஏற வேண்டாம் என்று அவனும் நிற்கிறான். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை நாம் பெருமையோடு பேசுகிறோம், பேச வேண்டியதுதான். அந்த உணவைச் சாப்பிடக் குழந்தை முதலில் பள்ளிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டுமே!

தூரத்தை அளக்கும் சட்டம், தலையை எண்ணாத கணக்கு

சட்டம் என்ன சொல்கிறது? 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் ஆறாவது பிரிவு, அருகமைப் பள்ளி இல்லாத இடங்களில் மூன்று ஆண்டுகளுக்குள் அரசு பள்ளி தொடங்க வேண்டும் என்றது. கெடு 2013இல் முடிந்துவிட்டது. அருகமை என்றால் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டர்.

ஓட்டை இங்கேதான் இருக்கிறது. சிற்றூர்களை மனதில் வைத்து வகுத்த அளவு இது. ஊர்கள் தள்ளித் தள்ளி இருக்கும் நிலத்தில் தூரம்தான் தடை. அதனால் தூரத்தை அளந்தார்கள். எட்டு மாடிக் கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்கும் இடத்தில் தூரத்தை அளந்து என்ன பயன்? ஒரு கிலோமீட்டருக்குள் ஒரே ஒரு பள்ளி இருந்தால் போதும், காகிதத்தில் 20,000 வீடுகளுக்கும் அருகமைப் பள்ளி கிடைத்துவிட்டது. மக்கள் நெருக்கம் மிகுந்த இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளைத் தொடங்குவது பற்றிப் பரிசீலிக்கலாம் என்று மத்திய அரசின் மாதிரி விதிகளில் ஒரு வரி உண்டு. பரிசீலிக்கலாம்! 'லாம்' என்ற ஒற்றை விகுதியில் ஒரு தலைமுறை தொலைகிறது.

அடுத்து, கணக்கெடுப்பு. பள்ளிகளுக்கான ஆண்டுத் திட்டமும் நிதியும் பள்ளிகளில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் மாணவர் எண்ணிக்கையை ஒட்டியே தயாராகின்றன. இல்லாத பள்ளியில் சேராத குழந்தை அந்தக் கணக்கில் எப்படி வரும்? மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 2011க்குப் பிறகு 2021இல் நடக்கவில்லை. பெரும்பாக்கத்தில் பெருந்திரளாக மக்களை இறக்கியது 2015 வெள்ளத்துக்குப் பிறகு. அதாவது அந்த அடுக்குமாடிகளின் மக்கள் நாட்டின் மக்கள்தொகைப் புத்தகத்தில் அந்த இடத்தில் இல்லவே இல்லை. தன் எல்லைக்குள் வசிக்கும் ஒவ்வொரு குழந்தையின் பதிவையும் உள்ளாட்சி பராமரிக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் ஒன்பதாவது பிரிவு சொல்கிறது. வாக்காளர் பட்டியலைப் புதுப்பிக்க வீடு வீடாக ஏறும் அரசுக்குக் குழந்தைகளின் பட்டியலுக்காக மாடி ஏற முடியவில்லை.

பணம் யாருடையது?

இந்தக் குடியிருப்புகளில் பெரும்பகுதி 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டப் பணத்தில் எழுந்தவை. அதன் ஏழு அம்ச உறுதிமொழியில் வீடு, குடிநீர், துப்புரவு ஆகியவற்றோடு கல்வியும் இருந்தது. ஆனால் வீட்டுக்குத் திட்டத்திலேயே பணம்; கல்வி மற்ற துறைகளின் திட்டங்களோடு 'ஒருங்கிணைத்து' வர வேண்டும் என்றார்கள். அரசு மொழியில் ஒருங்கிணைப்பு என்றால், அது என் பொறுப்பல்ல என்று பொருள். வாரியம் கல்வித் துறையைக் கை காட்டும். கல்வித் துறை உள்ளாட்சியைக் கை காட்டும். சென்னையில் சொத்துவரியோடு கல்வி வரியும் வசூலாகிறது. பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளோ மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஓர் ஊராட்சியில் எழுந்தன. குழந்தையை எல்லைக்கு வெளியே அனுப்பிய நகரம் வரியை எல்லைக்குள்ளேயே வைத்துக்கொண்டது.

ஒன்றிய அரசு பணம் தரவில்லையே என்று சில நண்பர்கள் கேட்பார்கள். உண்மை. பிஎம் ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதற்காக 2024-25க்கான 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது பச்சையான மிரட்டல். அதை எதிர்த்துத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது சரி. ஆனால் கண்ணகி நகருக்கு அப்போதே கால் நூற்றாண்டு வயது. தில்லியின் அநீதியைச் சொல்லிச் சென்னையின் அநீதியை மறைக்கக் கூடாது.

பணம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கப் புரட்சியாளர் அம்பேத்கர் 1927இல் ஓர் அளவுகோல் தந்தார். பம்பாய் சட்டமன்றத்தில் கல்வி ஒதுக்கீடு பற்றிப் பேசும்போது, மக்களிடமிருந்து கலால் வருவாயாக வாங்கும் அளவுக்காவது கல்விக்குத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டார். அந்த அளவுகோலை இங்கே வைத்துப் பாருங்கள். 2023-24இல் டாஸ்மாக் மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடிக்கு மேல். அதே ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் பள்ளிக் கல்விக்கு ஒதுக்கியது 40,299 கோடி. ஏறத்தாழ நூறாண்டு கழித்தும் அந்தக் கோரிக்கை நிறைவேறவில்லை. அதுவும் நாட்டிலேயே கல்வியில் முன்னோடி என்று சொல்லிக்கொள்ளும் மாநிலத்தில்.

ஒரே துறை, இரண்டு வரைபடம்

வீட்டு வசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறையின் கீழ் இரண்டு வாரியங்கள் உண்டு. ஒன்று வீட்டு வசதி வாரியம். அண்ணா நகர், கே.கே. நகர், பெசன்ட் நகர் வரைபடங்களைப் பாருங்கள். பூங்காவுக்கு இடம், கடைத்தெருவுக்கு இடம், பள்ளிக்கு இடம். வீடு வாங்க வருபவர் யார் என்று அந்த வாரியத்துக்குத் தெரியும். பள்ளி இல்லாத மனையை அவர் வாங்க மாட்டார். இன்னொன்று குடிசை மாற்று வாரியம். 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. இதற்கும் யார் வரப்போகிறார்கள் என்று தெரியும். அவர்களில் பெரும்பான்மையினர் தலித்துகள், இந்த நகரத்தின் பூர்வகுடிகள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இல்லை. ஒரே அரசின் ஒரே துறைக்குப் பள்ளி இடம் குறிக்கத் தெரியும் என்பதற்கு அண்ணா நகர் சாட்சி. யாருக்குக் குறிக்க வேண்டாம் என்று தெரியும் என்பதற்குக் கண்ணகி நகர் சாட்சி.

ஊர், சேரி என்று பிரித்து, கிணறும் கோயிலும் பள்ளியும் ஊரில், உழைப்பு மட்டும் சேரியிலிருந்து என்று வைத்த அதே ஏற்பாடு இது. முன்பு சேரி ஊரின் ஓரத்தில் இருந்தது; இப்போது 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. 1894இல் அடையாற்றில் ஆல்காட் பஞ்சமர் பள்ளி தொடங்கியபோது, ஒடுக்கப்பட்ட குழந்தைக்குப் பள்ளி என்பது யாரோ ஒருவரின் நல்ல மனதைப் பொறுத்திருந்தது. குடியரசாகி எழுபது ஆண்டுக்கு மேல் ஆன பிறகும் தொண்டு நிறுவனத்தின் மாலை நேர டியூஷனைக் காட்டி அரசு சமாளிக்குமானால் நாம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்?

பிறப்பு விகிதம் குறைகிறது, நகரின் உள்பகுதியில் மாநகராட்சிப் பள்ளிகளில் மாணவர்களே இல்லை, இதில் புதிய பள்ளி எதற்கு என்பது இன்னொரு வாதம். மாணவர் இல்லை என்று சொல்லும் முன், இருந்த மாணவர்களை எங்கே அனுப்பினோம் என்று சொல்லுங்கள். ஆற்றங்கரையையும் கால்வாய்க் கரையையும் காலி செய்துவிட்டு, அந்தக் கரைப் பிள்ளைகள் படித்த பள்ளியில் சேர்க்கை குறைந்துவிட்டது என்று வியப்பது, அணையைத் திறந்துவிட்டு ஏரி ஏன் வற்றியது என்று கேட்பதற்குச் சமம். மாநில சராசரி குறையலாம். சராசரியில் ஒரு குழந்தைகூடப் படிப்பதில்லை. பெரும்பாக்கத்தின் எட்டாவது மாடியில் இருந்துதான் படிக்க வேண்டும்.

கேட்க வேண்டியது

முதலில், எந்தக் குடியிருப்பையும் அப்புறப்படுத்தக் கூடாது. இருக்கும் இடத்திலேயே, முடியாவிட்டால் அதே பகுதியிலேயே வீடு. இது மாறாத கோரிக்கை. ஏற்கெனவே தள்ளப்பட்டவர்களுக்கும், இனி அரசு கட்டும் ஒவ்வொரு குடியிருப்புக்கும் நாம் கேட்க வேண்டியவை நான்கு.

தொடக்கப்பள்ளி திறந்து, ஆசிரியர் பணியில் சேர்ந்த சான்று இல்லாமல் ஒதுக்கீட்டு ஆணை வழங்கக் கூடாது. பள்ளியின் நிலமும் கட்டடமும் முதல் ஐந்தாண்டுச் சம்பளமும் குடியிருப்புத் திட்ட மதிப்பீட்டுக்குள்ளேயே வர வேண்டும். ஒருங்கிணைப்பு என்ற சொல்லே கூடாது. மக்கள் நெருக்கம் மிகுந்த இடத்தில் கிலோமீட்டருக்குப் பதிலாக வீடுகளின் எண்ணிக்கையை அளவாக வைத்துத் தமிழ்நாட்டு விதிகளைத் திருத்த வேண்டும். கல்வியாண்டின் நடுவில் எந்த வீட்டிலும் புல்டோசர் கை வைக்கக் கூடாது.

இவற்றில் எதற்கும் தில்லியின் அனுமதி வேண்டியதில்லை. எல்லாம் கோட்டையிலேயே கையெழுத்தாகக் கூடியவை. அடுத்த முறை உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் சமூகநீதி பற்றி மேடையில் பேசும்போது, பெரும்பாக்கத்தில் எத்தனை வகுப்பறை வேண்டும், எத்தனை இருக்கிறது என்ற இரண்டே எண்களைக் கேளுங்கள். இரண்டாவது எண் முதல் எண்ணைத் தொடும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.