டார்க் ஸ்டோர் வாசலுக்கு வாருங்கள்



நேற்று ராத்திரி வரை ஓடிய ரேட் இன்று காலை இல்லை. போனைத் திறந்தால் புது ரேட் கார்டு. கீழே ‘ஏற்கிறேன்’ என்றொரு பட்டன். அதைத் தொடாமல் லாக்-இன் ஆக முடியாது. நம் கூலியை வெட்டும் தாளில் நம்மிடமே கைநாட்டு வாங்கிவிட்டார்கள். கேட்கலாமென்றால் ஆபீஸ் கிடையாது, மேனேஜர் கிடையாது. குரலை உயர்த்தினால் மறுநாள் ஐடி பிளாக்.

‘பார்ட்னர்’ என்கிறார்களே, வண்டி யாருடையது? நம்முடையது, தவணை இன்னும் முடியவில்லை. பெட்ரோல், டேட்டா, பஞ்சர் எல்லாம் நம் பையிலிருந்து. விழுந்தால் உடையும் எலும்பும் நம்முடையதே. அந்தக் காலத்து முதலாளி எந்திரத்தையாவது தன் காசில் வாங்கிப் போட்டான். இவர்கள் எந்திரத்தையும் தொழிலாளியே வாங்கி வரட்டும் என்கிறார்கள்! ஓட்டல்காரரிடம் கமிஷன், வாடிக்கையாளரிடம் கட்டணம். ஆர்டர் வருமா என்று நாம் மர நிழலில் காத்துக் கிடக்கும் நேரத்துக்கு மட்டும் கணக்கே இல்லை.

இதைப் புதுயுகப் பொருளாதாரம் என்று எவராவது சொன்னால், பீடி சுற்றும் அம்மாக்களிடம் அனுப்பிவையுங்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, வீடே பட்டறை, சரியில்லை என்று கழித்த பீடிக்குக் காசில்லை. கம்பெனி முதலாளியின் முகத்தை அவர்களும் பார்த்ததில்லை. இடையில் நின்றவர் காண்ட்ராக்டர். அந்த இடத்தில்தான் இன்று செயலி நிற்கிறது. ஆனாலும் 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டிலிருந்து சுற்றுகிறவர்களையும் தொழிலாளி என்றே ஏற்றது. தொழிற்சாலைச் சுவர் இல்லாவிட்டாலும் முதலாளி உண்டு என்பது இந்த நாட்டுக்கு அப்போதே தெரியும். பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் விஷயத்தில் 2021 பிப்ரவரியில்தான் அந்த முடிவுக்கு வந்தது.

நம் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டமோ ‘கிக் தொழிலாளி’ என்று தனிப்பெயர் சூட்டி, கம்பெனிகளை ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நலநிதிக்குப் போடச் சொல்கிறது. குறைந்தபட்சக் கூலி என்ற பேச்சே அதில் நமக்கில்லை. தமிழ்நாட்டில் 2023-ல் அமைந்த நலவாரியத்தில் கட்டாயம் பதியுங்கள். ஆனால் வாரியம் விபத்துக்கு உதவும். ரேட் கார்டைத் திருத்தாது.

திருத்த வைக்க நம்மிடம் ஒன்று இருக்கிறது. செயலி ஆகாயத்தில் இருக்கலாம், பாலும் முட்டையும் நம் தெருமுனைக் கிடங்கான டார்க் ஸ்டோரிலிருந்துதான் கிளம்புகின்றன. 2023 ஏப்ரலில் பிளிங்கிட், ஆர்டருக்கு 25 ரூபாய் என்றிருந்த அடிப்படைக் கூலியை 15 ஆக்கியது. டெல்லி வட்டாரத் தோழர்கள் வண்டியை நிறுத்தினார்கள். பத்து நிமிட டெலிவரி பேசிய கம்பெனியின் கிடங்குகள் பல மூடிக் கிடந்தன. கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை, உண்மைதான். கிடங்கு வாசலில் நின்றால் கம்பெனிக்குக் காது கேட்கும் என்பது மட்டும் தெரிந்துபோனது.

ஞாயிறு இரவு 7 மணி. ஆர்டர் கொட்டுகிற நேரம், அதனால்தான் அந்த நேரம். லாக்-அவுட் செய்துவிட்டு வாருங்கள். எந்த நிறச் சட்டை போட்டு ஓடுகிறவரானாலும் வாருங்கள். பழைய ரேட் கார்டு, புது ரேட் கார்டு இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கட்டும். அன்றைய இன்சென்டிவ் போகத்தான் செய்யும். தவணைக்குத் தவிப்பவர்களுக்காக வாசலில் உண்டியல் வைக்கிறோம். தனியாக மட்டும் வராதீர்கள். உங்கள் ஏரியாவில் ஓடும் ஒருவரையாவது பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வாருங்கள்.