இரண்டாவது முறை வெட்டும் முன்

முழங்காலுக்குக் கீழே கொசுக்கடி போல ஒரு கொப்புளம். சில நாளில் சீழ் வைத்து உடைகிறது. பிறகு உள்ளங்கை அகலப் புண். ஓரம் கருநீலமாகப் புடைத்து, அடியில் குடைந்துகொண்டே போகிறது. தொட்டால் உயிர் போகும் வலி. சர்க்கரை சரியாக இருக்கிறது. ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்தும் கேட்கவில்லை. அடுத்து நடப்பதுதான் விபரீதம்: அழுகிய சதை என்று வெட்டிச் சுத்தம் செய்கிறார்கள். வெட்டிய விளிம்பெல்லாம் புதுப் புண்ணாகிறது. மறுபடி வெட்டுகிறார்கள். இப்படியே போய்க் காலையே இழந்தவர்களின் கதைகள் மருத்துவ இதழ்களில் உண்டு.

பயோடெர்மா காங்கிரினோசம் என்ற இந்த நோய் கிருமியால் வருவதல்ல. நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் தோலுக்குள் குவிந்து மூட்டும் அழற்சி இது. அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 1930இலேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆண்டுக்குப் பத்து லட்சத்தில் 3 முதல் 10 பேருக்கு வருவதாகக் கணிப்பு. இந்த நோயில் தோலில் படும் சின்னக் காயமும் புண்ணைக் கிளறிவிடும். சிசேரியன் தையலில்கூடக் கிளம்பியிருக்கிறது. ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் குடல் அழற்சி, முடக்குவாதம், ரத்த நோய் என்று உள்ளே வேறொன்றும் இருக்கும். மலத்தில் ரத்தம் போகிறதா என்று புண்ணோடு வந்தவரிடம் கேட்க யாருக்குத் தோன்றுகிறது?

அதற்காக, ஆறாத புண்ணுக்கெல்லாம் அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டை எழுதுவதும் ஆபத்துதான். இந்த நோயை உறுதிசெய்யத் தனியொரு ரத்தப் பரிசோதனை கிடையாது. புண்ணின் ஓரத்தில் பயாப்ஸி எடுத்து, காசநோய், பூஞ்சை, ரத்தக்குழாய் அழற்சி, புற்றுநோய் ஆகியவை இல்லை என்று பார்த்தாக வேண்டும். இந்த நோய் என்று நம்பிச் சிகிச்சை பெற்ற பலருக்கு இருந்தது வேறு நோய் என்று 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. கிருமிப் புண்ணுக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மருந்து இருக்கிறது, மாயம் இல்லை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டையும் நோய் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோஸ்போரினையும் ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வில் (2015) இரண்டும் சமமாகவே வந்தன; ஆறு மாதத்தில் புண் ஆறியது பாதிக்கும் குறைவானவர்களுக்கே. நோயாளியின் சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகம் பார்த்துத்தான் எது என்று முடிவுசெய்ய முடியும். இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகளும் பலன் தருகின்றன. ஆனால் விலை அதிகம், போடும் முன் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயம்.

நம்மூரில் காலில் புண் என்றால் நோயாளி நேரே போவது அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கு. தோல் மருத்துவரை யாரும் கூப்பிடுவதில்லை. முதல் முறை வெட்டிய பின் புண் பெரிதானால், தோல் மருத்துவர் பார்க்காமல் இரண்டாவது முறை கத்தி வைக்கக் கூடாது என்று ஒவ்வொரு மருத்துவமனையும் விதி வகுக்க வேண்டும். கிருமி வேகமாகப் பரவி உயிருக்கு ஆபத்து என்றால் காத்திருக்க முடியாதுதான். அப்போதும் வெட்டிய சதையில் ஒரு துண்டு பயாப்ஸிக்குப் போகட்டும்.