பேனையை வைத்துவிட்டுப் பென்சிலை எடுங்கள்



ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின், திண்ணையில் பத்திரிகையை மடியில் வைத்து இலக்கங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். மாமி எட்டிப் பார்த்தார்.

"இதென்ன மகன், கட்டம் போட்டு இலக்கம் எழுதுறீங்க? இஸ்மா?"

"இல்லை மாமி, இது சுடோகு. பொழுதுபோக்குக் கணக்கு."

"கணக்கென்றால் கூட்டுறதா, கழிக்கிறதா?"

"ரெண்டும் இல்லை மாமி" என்றேன். அவர் முகத்தில் நம்பிக்கை வரவில்லை!

உண்மையில் இதில் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. ஒன்பது நிரைகள், ஒன்பது நிரல்கள், மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பெட்டிகள். ஒவ்வொன்றிலும் 1 முதல் 9 வரையான இலக்கங்கள் ஒரு தடவை மட்டுமே வரவேண்டும். சட்டம் இவ்வளவுதான். 1979இல் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றில் தோன்றி, 1984இல் ஜப்பானுக்குச் சென்று, அங்கே சுடோகு என்ற பெயரைப் பெற்றது. 2004இல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை வெளியிட்ட பின் உலகெங்கும் பரவியது.

எங்கள் மாணவர்கள் இலகுவான கட்டங்களை விரைவாக முடித்துவிடுவார்கள். 'கடினம்' என்று போட்டிருந்தால் பாதியில் நின்று, "உஸ்தாத், இனி ஊகித்துத்தான் போடவேணும்" என்பார்கள். பத்திரிகைகளில் வரும் பெரும்பாலான கட்டங்களுக்கு ஊகம் தேவையில்லை. பென்சிலும் அழிறப்பரும் பொறுமையும் போதும்.

முதலாவது, வெற்றுக் கூடு ஒவ்வொன்றிலும் அங்கே வரக்கூடிய இலக்கங்களை எல்லாம் பென்சிலால் சிறிதாக எழுதுங்கள். ஓர் இலக்கம் உறுதியானதும், அதன் நிரையிலும் நிரலிலும் பெட்டியிலும் உள்ள அதே சிறு இலக்கத்தை அழித்துவிடுங்கள். பாதி வழியில் நிற்பவர்களில் அநேகர் அழிக்க மறந்தவர்களே.

இரண்டாவது, கூட்டைப் பார்த்து "இங்கே எது வரும்?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். இலக்கத்தைப் பார்த்து "இந்தப் பெட்டியில் 7 எங்கே வரும்?" என்றும் கேளுங்கள். ஒரு கூட்டில் 2, 7, 9 என மூன்று இலக்கங்கள் இருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டியில் வேறெங்கும் 7க்கு இடமில்லை என்றால், அந்தக் கூடு 7க்கே உரியது.

மூன்றாவது, ஒரு நிரையில் இரண்டு கூடுகளில் 3உம் 8உம் மட்டுமே இருந்தால், எதில் எது என்பது தெரியாவிட்டாலும் அவ்விரண்டு இலக்கங்களும் அவ்விரண்டு கூடுகளுக்கே சொந்தம். எனவே அந்த நிரையின் மற்றக் கூடுகளில் 3ஐயும் 8ஐயும் அழிக்கலாம். முழுவதும் தெரியாத நிலையிலும் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு என்பதைப் பாருங்கள்!

நான்காவது, ஒரு பெட்டியில் 5 வரக்கூடிய கூடுகள் எல்லாம் ஒரே நிரையில் இருந்தால், அந்த நிரையின் 5 அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. அதே நிரையில் மற்றப் பெட்டிகளில் உள்ள 5ஐ அழித்துவிடலாம்.

ஐந்தாவது, சற்றுக் கடினமானது. இரண்டாம் நிரையில் 4 வரக்கூடிய இடங்கள் மூன்றாம், எட்டாம் நிரல்கள் மட்டும். ஏழாம் நிரையிலும் அதே இரண்டு நிரல்கள் மட்டும். நான்கு மூலைகளிலும் கட்டிய வலைபோல ஆகிவிட்டது. ஒரு நிரையில் 4 மூன்றாம் நிரலில் விழுந்தால், மற்ற நிரையில் அது எட்டாம் நிரலில்தான் விழவேண்டும். எப்படி விழுந்தாலும் அவ்விரு நிரல்களுக்கும் உரிய 4 இந்த மூலைகளில்தான். எனவே அந்நிரல்களின் மற்றக் கூடுகளில் உள்ள 4ஐ அழிக்கலாம்.

"உஸ்தாத், ஊகித்தால் என்ன? சரியாகவும் வரலாமே!" என்று ஒரு மாணவர் கேட்டார். வரலாம். ஒயிலர் என்ற பெரும் கணித மேதை, சுடோகுவின் மூத்த உறவான இலத்தீன் சதுரங்களைப் பற்றி 1782இல் ஓர் ஊகம் சொன்னார். ஒருவகை இரட்டைச் சதுரத்தை 6க்கு 6 அளவிலும், 10க்கு 10, 14க்கு 14 என்று செல்லும் அளவுகளிலும் அமைக்கவே முடியாது என்றார். 6க்கு அவர் சொன்னது சரியென்று 1901இல் நிரூபணமானது. மற்ற அனைத்துக்கும் பிழையென்று 1959இல் இந்தியர்களான போஸ், ஸ்ரீகண்டே ஆகியோரும் அமெரிக்கரான பார்க்கரும் காட்டினார்கள். 177 ஆண்டுகள்! ஊகம் ஓரிடத்தில் பலித்ததால் எல்லா இடத்திலும் பலித்துவிடாது.

என் சொந்தப் பிழையையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கற்பிட்டி வீதியோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு குடும்பத்தார் வந்தார்கள். வாப்பா மௌத்தாகி, தென்னங்காணி பங்கிட வேண்டியிருந்தது. மனைவி, ஆண்மக்கள், பெண்மக்கள் எனச் சொன்னார்கள். பேரப்பிள்ளை கண்ட மனிதரின் தாய் உயிரோடு இருக்கமாட்டார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு, கேட்காமலே பேனையால் பங்கு எழுதிக் கொடுத்தேன். வாசலில் செருப்பைப் போடும்போது மூத்தவர் சொன்னார்: "இதை மூத்தும்மாவுக்கும் வாசித்துக் காட்டவேணும் ஹஸ்ரத்."

எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. அந்தத் தாய்க்கு ஆறிலொரு பங்கு உண்டு. நான் செய்த வகுத்தல், பெருக்கல் எல்லாம் சரி. ஆனால் முதல் கூட்டில் ஊகத்தைப் போட்டதால் கடைசிக் கூடுவரை அத்தனையும் பிழை. தாளைத் திருப்பி வாங்கி, "பிழை என்னுடையது" என்று சொல்லிப் புதிதாக எழுதினேன். அந்த மூத்தவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் போயிருந்தால்?

வுழூ இருந்தது உறுதி, முறிந்ததா என்பது சந்தேகம் என்றால் உறுதியைப் பிடித்துக்கொள் என்று முதலாண்டு மாணவருக்கே சொல்லித் தருகிறோம். சொல்லித் தருவது எளிது. அதைக் கைக்கு வழக்கமாக்க ஒரு பயிற்சி வேண்டும். கைத்தொலைபேசியில் விளையாடினால், பிழையான இலக்கத்தை அதுவே சிவப்பாகக் காட்டிவிடுவதுண்டு. தாள் அப்படிக் காட்டாது. உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்: "இது எனக்குத் தெரியுமா, அல்லது அப்படி இருக்கும் என்று நினைக்கிறேனா?"

விடுமுறையில் பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு கடினமான கட்டத்தைப் பென்சிலால் செய்து பாருங்கள். வழி அடைபட்டால் தாளை மடித்து வைத்துவிட்டுத் தொழுதுவிட்டு வாருங்கள். முன்பு காணாதது பல வேளைகளில் கண்ணில் படும். ஆனால் வாங்கு சொல்லும்போது கையில் பென்சில் இருக்கக்கூடாது! அதைக் கவனிக்க எங்கள் வீட்டில் மாமி இருக்கிறார்.

அடுத்த இதழில் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ்.